வைட்டமின் டி ஏறியது, கொலஸ்ட்ரால் இறங்கவில்லை: அடுத்து என்ன?

கடலூரிலிருந்து 46 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கக் கடிதமும் இரண்டு ரத்தப் பரிசோதனை அறிக்கைகளும் அனுப்பியிருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. காலை எட்டு மணிப் பேருந்தில் ஏறினால் வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகிவிடுகிறது. அவருடைய தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. கடந்த ஆகஸ்டில் எடுத்த பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 252, கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் 168, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 210, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்டிஎல் 42 என வந்துள்ளது. அதே அறிக்கையில் வைட்டமின் டி 11, அழற்சியைக் காட்டும் சிஆர்பி 4.6, மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.0. மருத்துவர் தினமும் இரவில், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான அடார்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராமும், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலமும் எட்டு வாரங்களுக்கு எழுதிக்கொடுத்தார். ஐந்தாவது வாரத்தில் தொடையும் ஆடுசதையும் வலிக்கவே, வாசகி ஸ்டாட்டின் மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிட்டார். "கொலஸ்ட்ரால் ஒரு குற்றமும் செய்யவில்லை, உடம்புக்குள் இருக்கும் அழற்சிதான் மாரடைப்புக்குக் காரணம், அந்த அழற்சிக்கு வைட்டமின் டி குறைவுதான் காரணம்" என்று அலுவலகத் தோழி ஒருவர் சொன்னதை நம்பி, பொட்டலத்தை மட்டும் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்கி ஏழு மாதங்களாகச் சாப்பிட்டு வருகிறார். மார்ச்சில் மறுபடி பரிசோதித்தபோது வைட்டமின் டி 74 ஆகவும், சிஆர்பி 2.4 ஆகவும், எல்டிஎல் 171 ஆகவும் இருந்தன. "அழற்சி பாதியாகிவிட்டது டாக்டர், கொழுப்பு மட்டும் ஏன் அசையவில்லை? அளவைக் கூட்ட வேண்டுமா?" என்பதே அவருடைய கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு அறிக்கைகளையும் நீங்கள் பத்திரமாக வைத்திருந்து அனுப்பியது எனக்குப் பேருதவி. உங்கள் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி அந்த இரண்டு தாள்களிலேயே இருக்கிறது. ஏழு மாதங்களில் உங்கள் வைட்டமின் டி 11-லிருந்து 74-க்கு ஏறியது. எல்டிஎல் 168-லிருந்து 171-க்குப் போனது. இந்த மூன்று புள்ளி வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே நபருக்கு வாரத்துக்கு வாரம் இந்த அளவு ஏற்ற இறக்கம் இயல்பாகவே இருக்கும். ஆனால் வைட்டமின் டி குறைவுதான் உங்கள் கொலஸ்ட்ராலுக்குக் காரணம் என்றிருந்தால், குறைவு நீங்கியபின் எல்டிஎல் தெளிவாக இறங்கியிருக்க வேண்டும். அது இறங்கவில்லை. ஆகவே அளவைக் கூட்ட வேண்டாம். அந்தப் பொட்டலத்தை இந்த வாரமே நிறுத்துங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல வேண்டியது.

பொட்டலத்தை ஏன் உடனே நிறுத்த வேண்டும்

வாரம் 60,000 யூனிட் என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,570 யூனிட். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் ஒருவர் நெடுநாள் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவாக நிபுணர்கள் ஏற்றுக்கொண்டிருப்பது நாளுக்கு 4,000 யூனிட்தான். 11 என்ற அளவிலிருந்த உங்களுக்கு எட்டு வாரம் இந்தப் பெரிய அளவைக் கொடுத்தது சரியான சிகிச்சை. காலியான கிணற்றை நிரப்புவதைப் போன்றது அது. கிணறு நிரம்பிய பிறகும் மோட்டாரை நிறுத்தாமல் விட்டதுதான் பிழை. இந்த வைட்டமின் தண்ணீரில் கரைந்து சிறுநீரோடு போய்விடுவதில்லை. கொழுப்பில் சேர்ந்து மாதக்கணக்கில் உடம்பில் தங்கும்.

74 என்பது நச்சு அளவு அல்ல. அதை நினைத்து அஞ்ச வேண்டாம். எலும்பின் தேவைக்கு, ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமைத் தாண்டினாலே பெரும்பாலானோருக்குப் போதும் என்று ஒரு சாராரும், 30 வேண்டும் என்று மற்றொரு சாராரும் நெடுங்காலம் விவாதித்து வந்தார்கள். அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களின் சங்கமே 2011-இல் வலியுறுத்திய அந்த 30 என்ற இலக்கை 2024-இல் கைவிட்டுவிட்டது. எந்தக் கணக்கிலும் 74 உங்களுக்குத் தேவையற்ற உயரம். நான் கவலைப்படுவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. ஆறு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகக் கல் வந்து அவதிப்பட்டதை நான்காம் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். வைட்டமின் டி மிகுந்தால் குடல் கூடுதலான கால்சியத்தை உறிஞ்சும், அது சிறுநீரில் இறங்கும். கோடையில் பேருந்துப் பயணத்துக்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். நீங்களும் அவர்களில் ஒருவராக இருந்தால் கல் மீண்டும் உருவாக இதைவிட வசதியான சூழல் வேண்டியதில்லை. ஆகவே ரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டையும் இந்த வாரத்திலேயே பாருங்கள். கூடவே கால்சியம் மாத்திரை எதுவும் சாப்பிட்டு வந்தால் முடிவு வரும்வரை அதையும் நிறுத்திவையுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், காரணமில்லாத சோர்வு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் நாள் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

வெயில் பட்டால் கொலஸ்ட்ரால் கரையுமா?

"தோலில் இருக்கும் கொலஸ்ட்ராலைத்தான் வெயில் வைட்டமின் டி ஆக மாற்றுகிறது, வெயில் படாததால் மாறாமல் போன கொலஸ்ட்ரால் ரத்தத்தில் தேங்குகிறது" என்று உங்கள் தோழி விளக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்பதற்குப் பொருத்தமாக இருப்பதால் இந்த விளக்கம் பலரையும் நம்பவைக்கிறது. இதன் தொடக்கம் ஓரளவு உண்மை. நம் உடல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் வழியில் கடைசிப் படிக்கு முந்தைய பொருள் ஒன்று தோலில் இருக்கிறது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டதும் அதில் ஒரு பகுதி வைட்டமின் டி-யாக மாறுகிறது. பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் அது செயல்படும் வடிவத்தைப் பெறுகிறது.

ஆனால் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். உடல் ஒரு நாளில் தயாரிக்கும் கொலஸ்ட்ரால் சுமார் ஒரு கிராம். ஒருவருக்கு ஒரு நாள் தேவைப்படும் வைட்டமின் டி 15 முதல் 20 மைக்ரோகிராம். ஒரு கிராம் என்பது பத்து லட்சம் மைக்ரோகிராம். அதாவது ஐம்பதாயிரம் ரூபாய் வரவில் ஒரு ரூபாய் செலவு. அந்த ஒரு ரூபாயைச் செலவழிக்காததால் பெட்டியில் பணம் குவிந்துவிட்டது என்று எந்தக் கணக்கரும் எழுதமாட்டார். நீங்கள் சாப்பிட்ட 60,000 யூனிட் பொட்டலத்தில் உள்ள வைட்டமினின் எடையே ஒன்றரை மில்லிகிராம்தான். ரத்தத்தில் எல்டிஎல் தேங்குவதற்கு முக்கியக் காரணம், கல்லீரல் அதை ரத்தத்திலிருந்து போதிய வேகத்தில் திரும்ப எடுத்துக்கொள்ளாமல் இருப்பது. பரம்பரையும் உணவும் தைராய்டும் அந்த வேகத்தை நிர்ணயிக்கின்றன.

அப்படியானால் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் பலரிடம் வைட்டமின் டி குறைவாகக் காணப்படுவது ஏன்? இது நியாயமான கேள்வி. இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தவர்களிடம் இந்த வைட்டமின் அந்தக் கொழுப்புக்குள் பரவிப்போய் ரத்தத்தில் குறைவாகத் தெரிகிறது. அதே வயிற்றுக் கொழுப்புதான் டிரைகிளிசரைடைக் கூட்டி, எச்டிஎல்லைக் குறைத்து, அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது. நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவருக்கு வெயிலும் இல்லை, உடலுழைப்பும் இல்லை. உடம்பில் அழற்சி இருக்கும்போதே ரத்தத்தில் வைட்டமின் டி அளவு இறங்குவதும் உண்டு. பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு அது சட்டென்று சரிவதைப் பார்த்திருக்கிறார்கள். ஒரே வேரிலிருந்து வந்த மூன்று கிளைகளை நீங்கள் ஒன்றுக்கொன்று காரணமாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். உங்கள் இடுப்புச் சுற்றளவு 94 சென்டிமீட்டர். நம் நாட்டுப் பெண்களுக்கு 80-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை தேவை.

சிஆர்பி குறைந்தது எதனால்?

முதல் பரிசோதனை எடுத்த வாரத்தில் கடைவாய்ப் பல் ஈறு வீங்கி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருந்ததாக, கையெழுத்துக்குக் கீழே பின்குறிப்பாக எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை கடிதத்தின் மிக முக்கியமான வரி அதுதான். ஈறு வீக்கம், சளிக்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மூட்டு வீக்கம் எதுவாக இருந்தாலும் சிஆர்பி ஏறும். அவை தணிந்து குறைந்தது இரண்டு வாரமாவது கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணை இதய நோய்க் கணக்கில் சேர்க்க முடியும். ஆகவே 4.6 என்பதில் உங்கள் ஈறுக்கும் பங்கு இருந்திருக்கும். அது 2.4 ஆனதற்கு வைட்டமின் டி-யைப் பாராட்டுவதற்கு முன் பல் மருத்துவரைப் பாராட்ட வேண்டும். அதோடு இந்த 2.4-ம் திருப்திப்படக்கூடிய எண் அல்ல. ஒன்றுக்குக் கீழ் இருந்தால் ஆபத்து குறைவு, ஒன்றிலிருந்து மூன்று வரை நடுத்தரம், மூன்றுக்கு மேல் அதிகம் என்று கொள்கிறோம்.

அழற்சி முக்கியம் என்று உங்கள் தோழி சொன்னதை நான் மறுக்கவில்லை. 2017-இல் வெளியான கேன்டாஸ் என்ற ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,061 பேரை எடுத்துக்கொண்டு, எல்டிஎல்லைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசி மருந்து கொடுத்தபோது மறு மாரடைப்புகள் உண்மையிலேயே குறைந்தன. ஆனால் அந்த ஊசிக்கும் வைட்டமின் டி-க்கும் தொடர்பில்லை. அதில் பங்கேற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸ்டாட்டினைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தவர்கள். அழற்சி தனியாகவும் எல்டிஎல் தனியாகவும் ரத்தக்குழாயைக் கெடுக்கின்றன என்பதே அந்த ஆய்வு சொல்வது. எல்டிஎல் நிரபராதி என்று அது சொல்லவில்லை.

வைட்டமின் டி-யை நேரடியாகச் சோதித்த பெரிய ஆய்வுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் 25,871 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் தினமும் 2,000 யூனிட் கொடுத்து நடத்திய வைட்டல் ஆய்வில் மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 21,315 முதியவர்களில் பாதிப் பேருக்கு, நீங்கள் வாரந்தோறும் சாப்பிடும் அதே 60,000 யூனிட்டை மாதம் ஒருமுறை மட்டும் கொடுத்தார்கள். அங்கே இதயப் பாதிப்புகள் சற்றுக் குறைந்ததாகத் தோன்றினாலும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. இவற்றில் பங்கேற்ற பலருக்கு உங்களைப் போன்ற கடும் குறைவு இல்லை என்பதையும் நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மரபணுத் தகவல்களைக் கொண்டு நடந்த ஆய்வொன்று, வைட்டமின் டி மிகவும் கீழே, சுமார் 10-க்குக் கீழே இருப்பவர்களிடம் அந்தக் குறைவே சிஆர்பியை ஓரளவு கூட்டக்கூடும் என்று காட்டுகிறது. எனவே 11 என்ற நிலையிலிருந்து உங்களை மேலே கொண்டுவந்தது வீண் அல்ல. எலும்புக்கும் தசைக்கும் அது கட்டாயம் தேவைப்பட்டது. 30-ஐத் தாண்டிய பிறகு மேலும் ஏற்றுவதால் அழற்சி மேலும் இறங்கும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை.

நீங்கள் நிறுத்திய மாத்திரையைப் பற்றி

இதை நான் மனவருத்தத்தோடு எழுதுகிறேன். எல்டிஎல், சிஆர்பி இரண்டையும் ஒருசேரக் குறைக்கும் மருந்து உங்கள் கையில் இருந்தது. அதைத்தான் நீங்கள் நிறுத்தினீர்கள். 2008-இல் வெளியான ஜுபிடர் ஆய்வில், எல்டிஎல் 130-க்குக் கீழும் சிஆர்பி 2-க்கு மேலும் இருந்த 17,802 பேரில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற, அதே குடும்பத்தைச் சேர்ந்த மருந்தைக் கொடுத்தார்கள். எல்டிஎல் பாதியாகவும், சிஆர்பி 37 விழுக்காடும் குறைந்து, மாரடைப்பும் பக்கவாதமும் கணிசமாகக் குறைந்தன. பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், எல்டிஎல் 39 மில்லிகிராம் குறையும் ஒவ்வொரு முறையும் இத்தகைய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. உங்களுக்கு எழுதித்தந்த 20 மில்லிகிராம் அடார்வாஸ்டாட்டின் எல்டிஎல்லைச் சுமார் 40 விழுக்காடு குறைக்கும். அதாவது 168 என்பது 100-ஐ ஒட்டி வந்திருக்கும்.

உங்களுக்கு இது அவசியமா என்று கேட்டிருக்கிறீர்கள். தந்தைக்கு 55 வயதுக்குமுன் மாரடைப்பு, எல்டிஎல் 160-க்கு மேல், டிரைகிளிசரைடு கூடுதல், சர்க்கரை நோயின் விளிம்பு, இடுப்புக் கொழுப்பு, இவற்றோடு தெற்காசியர் என்ற பிறப்புக் காரணம். இத்தனையும் ஒருவரிடம் சேரும்போது மருந்து தேவை என்றே நானும் சொல்வேன். அதற்கு முன் ஒரே ஒரு பரிசோதனை விடுபட்டிருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் எல்டிஎல் ஏறும், தசை வலிக்கும், ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாது. உங்கள் இரண்டு அறிக்கைகளிலும் தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இல்லை. கால்சியத்தோடு அதையும் பார்த்துவிடுங்கள்.

கால்வலி பொய் என்று நான் சொல்லமாட்டேன். வலி உங்களுடையது, அது இருந்தது. அதற்குக் காரணம் மாத்திரைதானா என்பதுதான் ஐயம். வைட்டமின் டி 11 ஆக இருந்தபோது அதுவே தொடையிலும் இடுப்பிலும் வலியைத் தந்திருக்கலாம். மாத்திரையை நிறுத்தியதும் வைட்டமின் ஏறியதும் ஒரே காலத்தில் நடந்ததால், எதனால் வலி போனது என்று இன்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்டாட்டினால் தொல்லைப்பட்டு நிறுத்திய 60 பேருக்கு மாதம் மாற்றி மாதம் அசல் மாத்திரை, வெறும் மாத்திரை, மாத்திரையே இல்லை என்று கொடுத்து 2020-இல் ஓர் ஆய்வு நடந்தது. அசல் மாத்திரை தந்த தொல்லையில் பத்தில் ஒன்பது பங்கை வெறும் மாத்திரையும் தந்தது. அவர்கள் யாரும் நடிக்கவில்லை. எதிர்பார்ப்பும் அச்சமும் உடம்பில் உண்மையான வலியாகவே உணரப்படும். அதே நேரம், வைட்டமின் டி சாப்பிட்டால் ஸ்டாட்டின் வலி வராது என்றும் நம்பிவிடாதீர்கள். வைட்டல் ஆய்வில் புதிதாக ஸ்டாட்டின் தொடங்கியவர்களில், வைட்டமின் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஒரே விகிதத்தில், 31 விழுக்காட்டினருக்குத் தசைத் தொல்லை இருந்தது.

உங்கள் முன் இருக்கும் வழிகளை மருத்துவரோடு அமர்ந்து பேசுங்கள். குறைந்த அளவில் மீண்டும் தொடங்கலாம். ரோசுவாஸ்டாட்டினுக்கு மாறி ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாம். அதுவும் ஒத்துவராவிட்டால் எசெட்டிமைப் என்ற வேறு வகை மருந்து இருக்கிறது. தொடங்கும் முன் தசை நொதியான சிபிகே அளவை ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், பிறகு வலி வரும்போது ஒப்பிட உதவும். சிறுநீர் தேநீர் நிறமாகப் போனாலோ, மாடிப்படி ஏற முடியாத அளவுக்குத் தசை தளர்ந்தாலோ அன்றே மாத்திரையை நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஸ்டாட்டின் சர்க்கரையைச் சிறிது கூட்டக்கூடும் என்பதும் உண்மை, 6.0-இல் இருக்கும் உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பரிசோதனை தேவை. மாதவிலக்கு இன்னும் நிற்கவில்லை என்கிறீர்கள். கருத்தரிக்கும் வாய்ப்பு இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஐந்தே வாரத்தில் நிறுத்தியதை அவரிடம் சொல்லக் கூச்சமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. எதற்காக இந்த மாத்திரை, எத்தனை நாள், தொல்லை வந்தால் என்ன செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை. முதல் நாளே அதைச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கடமை.

விடியற்காலை நடையும் நண்பகல் வெயிலும்

தினமும் காலை ஐந்தரைக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் அரை மணி நேரம் நடந்தும் வைட்டமின் டி எப்படிக் குறைந்தது என்று வியக்கிறீர்கள். அந்த நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் அந்த நேரத்து இளவெயிலில் வைட்டமினை உண்டாக்கும் கதிர் ஏறக்குறைய இல்லை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது அக்கதிரைக் காற்றுமண்டலமே வடிகட்டிவிடுகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமே அதற்கு ஏற்ற நேரம். நம் பகுதியில் மார்கழியில்கூட நண்பகலில் அது கிடைக்கும். பேருந்தின் கண்ணாடி சன்னலோரம் உட்காருவதாலும் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது. மதிய உணவு இடைவேளையில் முழங்கை வரை வெயில்படும்படி இருபது நிமிடம், வாரம் நான்கைந்து நாள் வெளியே நின்றால் போதும். சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் பதினொரு மணிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

உணவைப் பொறுத்தவரை மீன் உண்பவர் என்பது நல்ல செய்தி. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மலிவான மீன்களே இதற்குச் சிறந்தவை. வறுவலாக அன்றிக் குழம்பாகச் சாப்பிடுங்கள். டிரைகிளிசரைடு 210 என்பது பெரும்பாலும் சோற்றின் அளவையும், மாலையில் பேருந்து நிலையத்தில் குடிக்கும் சர்க்கரைத் தேநீரையும் அதோடு சாப்பிடும் பஜ்ஜியையும் காட்டும் எண். இரண்டு கிலோ எடை குறைந்தால்கூட அது இறங்கத் தொடங்கும்.

கால்சியமும் கிரியேட்டினினும் சரியாக இருந்தால், மூன்று மாதம் வைட்டமின் டி இல்லாமல் இருங்கள். பிறகு அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மாதம் ஒரு பொட்டலம் போதுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஸ்டாட்டின் மீண்டும் தொடங்கினால் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் கொழுப்புப் பரிசோதனையைத் திரும்ப எடுங்கள். சிஆர்பி பார்ப்பதாக இருந்தால் பல்வலியோ காய்ச்சலோ இல்லாத வாரமாகப் பாருங்கள். செலவு தடையாக இருந்தால் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும், புதுச்சேரியில் ஜிப்மரும் உங்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

நெய்வேலியில் இருக்கும் உங்கள் தம்பிக்கு 41 வயது, "அவனுக்கு ஒன்றும் இல்லை, ஆரோக்கியமாக இருக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் அதே தந்தைதான். இதுவரை ஒருமுறைகூடக் கொழுப்புப் பரிசோதனை செய்துகொண்டதில்லை என்றால், உங்களுடைய கால்சியம் பரிசோதனைக்குப் போகும் அதே வாரத்தில் அவரையும் போகச் சொல்லுங்கள்.